சிற்பத்தைச் சுருக்கும் சிக்குக் கோலம்

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மார்கழி அதிகாலை. வாசல் தெளித்துவிட்டுக் கோலப்பொடிக் கிண்ணத்தோடு உட்கார்ந்த அம்மாவுக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகளிடமிருந்து போன்.

‘‘அம்மா, பாட்டி போடுமே அந்தச் சிக்குக் கோலம், அதை போட்டோ எடுத்து அனுப்பேன். இங்கே எங்க வீட்டு வாசல்ல போடணும்.’’

அம்மா அனுப்பிப் பார்த்தார். சிக்னல் சரியில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததே தவிர, படம் போய்ச் சேரவில்லை.

‘‘போட்டோ எதுக்குத்தா? வாயால சொல்றேன், எழுதிக்க. அஞ்சு புள்ளி, நாலு வரிசை, நேர்ப்புள்ளி. மூலையில ஆரம்பி. ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறுக்கே போ. ஓரத்துக்கு வந்தா புள்ளியை வளைச்சுத் திரும்பு. கைய எடுக்காமப் போனா, ஆரம்பிச்ச இடத்துலயே வந்து நிக்கும்.’’

அவ்வளவுதான். 20 புள்ளிகளையும் சுற்றி வரும் ஒரு முழுக் கோலம், நாலு வரியில் கடல் தாண்டிப் போய்விட்டது. போட்டோவாகப் போயிருந்தால் அதற்கு 2, 3 எம்.பி. ஆகியிருக்கும்.

வார இதழ்களில் கோலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8-ல் நிறுத்தவும்’ என்று படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும். அந்த வரி 169 புள்ளிகளின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக விலாசம் எழுத வேண்டியதில்லை. கோலம் போடும் கைக்கு விதி தெரியும் என்பதால், விதியின் பெயரைச் சொன்னாலே போதும்.

கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்களைச் சுருக்கும் வித்தையும் இதேதான். செல்போனில் ஒரு சோபாவைச் சுழற்றிப் பார்த்து வாங்குவது, பல் மருத்துவர் எடுக்கும் வாய் ஸ்கேன், பிள்ளைகளின் வீடியோ கேம், ஸ்கேன் செய்யப்பட்ட கோயில் சிற்பம் என எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு வலை. அந்த வலையை எப்படி மடித்து அனுப்புவது என்பதுதான் கேள்வி. அதற்கான பதில்களில் அழகான ஒன்றில், மதுரையில் படித்த ஒருவரின் பங்கு இருக்கிறது.

முக்கோணங்களால் ஆன சிலை

ஒரு சிலையை ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது கல் அல்ல, புள்ளிகள். மேற்பரப்பில் லட்சக்கணக்கான இடங்களைத் தொட்டு, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து, முழுச் சிலையையும் சின்னச் சின்ன முக்கோணங்களால் போர்த்துகிறது. மீன் வலையைச் சிலை மேல் இறுக்கிப் போர்த்தியது போல இருக்கும். இதற்குத்தான் ‘மெஷ்’ என்று பெயர்.

இதைச் சேமிக்க இரண்டு பட்டியல்கள் வேண்டும். முதலாவது, எந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பது. இரண்டாவது, எந்த மூன்று புள்ளிகள் சேர்ந்து ஒரு முக்கோணம் என்பது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிலையில் 10 லட்சம் புள்ளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பரப்பில் முக்கோணங்களின் எண்ணிக்கை, புள்ளிகளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். 18-ம் நூற்றாண்டு கணித மேதை ஆய்லரின் சூத்திரத்திலிருந்து கிடைக்கும் முடிவு இது. ஆக, 20 லட்சம் முக்கோணங்கள். வழக்கமான முறையில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல 12 பைட், ஒரு முக்கோணத்தைச் சொல்லவும் 12 பைட். புள்ளிகளுக்கு 12 எம்.பி., முக்கோணங்களுக்கு 24 எம்.பி. மொத்தம் 36.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிலையின் வடிவத்தைவிட, யார் யாருக்குப் பக்கத்து வீடு என்ற பட்டியல் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கிறது!

3டி பிரின்டிங் கடைகளிலும் பல் மருத்துவ லேப்களிலும் புழங்கும் எஸ்.டி.எல். என்ற ஃபைல் வகை இன்னும் மோசம். அதில் ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளின் இடத்தையும் தானே முழுதாக எழுதி வைத்துக்கொள்ளும். முக்கோணம் ஒன்றுக்கு 50 பைட். ஒரே புள்ளியைச் சுற்றிச் சராசரியாக ஆறு முக்கோணங்கள் இருப்பதால், அதே புள்ளி ஆறு முறை எழுதப்படுகிறது. கல்யாணப் பத்திரிகையில் உறவினர் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் மண்டபத்தின் விலாசத்தை மறுபடி மறுபடி அச்சடித்தது போல. நம் சிலை இந்த வகையில் 100 எம்.பி. ஆகிவிடும்.

ஐந்தே எழுத்துகள்

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் மைக்கேல் டீரிங், இந்த வலைகளைச் சுருக்குவது பற்றி எழுதிய கட்டுரை ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பியது. அடுத்த நாலைந்து வருடங்களில் யோசனைகள் மளமளவென்று வந்தன. அவற்றில் எளிமையானது, ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஜாரெக் ரோசிக்னாக் 1999-ல் வெளியிட்ட ‘எட்ஜ்பிரேக்கர்’.

யோசனை இதுதான். வலையின் ஏதாவது ஒரு முக்கோணத்தில் தொடங்கி, பக்கத்து முக்கோணத்துக்கு வாசல் தாண்டிப் போவது போல நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எதிர்முனையைப் பார்க்க வேண்டும். இதுவரை பார்க்காத புதுப் புள்ளியா? ‘சி’ என்று எழுது. பார்த்த புள்ளிதான், இடப்பக்க முக்கோணத்துக்கு ஏற்கெனவே போய் வந்தாகிவிட்டதா? ‘எல்’. வலப்பக்கமா? ‘ஆர்’. இரண்டு பக்கமும் முடிந்துவிட்டதா? ‘ஈ’. இரண்டு பக்கமும் பாக்கி இருக்கிறதா? ‘எஸ்’ என்று எழுதி, வழியை இரண்டாகப் பிரித்துக்கொள்.

எவ்வளவு சிக்கலான சிற்பமாக இருந்தாலும், அதன் இணைப்புகளைச் சொல்ல இந்த ஐந்து எழுத்துகள்தான். நடுவில் துளை, கைப்பிடி போன்றவை இருந்தால் கூடவே சில குறிப்புகள் சேரும். வாங்குகிறவர் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து அதே வழியில் நடந்தால், வலை மறுபடி உருவாகிவிடும். புள்ளிகளுக்கு வரிசை எண்கூடத் தேவையில்லை. சந்தித்த வரிசையே எண்.

எழுத்துகளில் ஏறத்தாழ பாதி ‘சி’யாகத்தான் வரும். அதனால் அதற்கு மட்டும் 1 பிட், மற்ற நான்குக்கும் 3 பிட் என்று வைத்தால், சராசரி முக்கோணத்துக்கு 2 பிட். நம் சிலையின் 20 லட்சம் முக்கோணங்களுக்கு 40 லட்சம் பிட், அதாவது அரை எம்.பி. 24 எம்.பி. இருந்த பட்டியல் அரை எம்.பி. ஆகிவிட்டது. அதிலும் ஒரு முக்கோணம்கூடத் தொலையவில்லை.

இதற்கு மேலும் சுருக்க முடியுமா? கொஞ்சம் முடியும். ஆனால் எல்லை உண்டு. கணிதவியலாளர் வில்லியம் டட், முக்கோண வலைகள் மொத்தம் எத்தனை விதமாக அமையலாம் என்று 1962-லேயே எண்ணிச் சொல்லிவிட்டார். அந்தக் கணக்குப்படி, எந்த வலை வந்தாலும் சமாளிக்க வேண்டும் என்றால் முக்கோணத்துக்குச் சுமார் 1.62 பிட்டுக்குக் கீழே யாராலும் போக முடியாது. ரோசிக்னாக்கின் 2 பிட், அந்தத் தரைக்கு ஒரு சாண் உயரத்தில்தான் நிற்கிறது.

மதுரைக்காரரின் ஒற்றை இழை

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து பழங்காநத்தம் தாண்டி அதே பாதையில் போனால் திருப்பரங்குன்றம். அங்கே 1957-ல் கருமுத்து தியாகராசர் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.இ. படித்தவர் கோபி மீனாட்சிசுந்தரம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் என்று படிப்பைத் தொடர்ந்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பேராசிரியரானார். அங்கே அவரும் டேவிட் எப்ஸ்டைனும் சேர்ந்து 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேள்வி, கோலம் போடுகிறவர்களுக்கு உடனே புரியக்கூடியது: ஒரு சிலையின் எல்லா முக்கோணங்களையும், கையை எடுக்காமல் ஒரே இழையில் தொட்டு வர முடியுமா?

இதனால் என்ன லாபம்? ஒரு முக்கோணத்துக்கு மூன்று முனை. தனித்தனியாகச் சொன்னால் 20 லட்சம் முக்கோணங்களுக்கு 60 லட்சம் முனைகளைச் சொல்ல வேண்டும். முக்கோணங்களை ரிப்பன் போல வரிசையாக அடுக்கினால், முதலாவதுக்கு மட்டும்தான் மூன்று. அடுத்ததற்கு, முந்தையதோடு ஒட்டிய பக்கத்தின் இரண்டு முனைகள் ஏற்கெனவே தெரியும் என்பதால், புதிதாக ஒன்றே ஒன்று போதும். ரிப்பன் எங்கே திரும்புகிறது என்ற சின்னக் குறிப்புகள் தவிர, வேலை மூன்றில் ஒரு பங்காகிவிடும். ரிப்பன் அறுந்து அறுந்து போனால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். அறாத ஒரே ரிப்பன் என்றால் கொள்ளை லாபம்.

சிக்கல் என்னவென்றால், ஒரு வலையை அப்படி ஒரே ரிப்பனாக ஆக்க முடியுமா என்று கண்டுபிடிப்பதே கம்ப்யூட்டருக்கு மிகக் கடினமான கணக்குகளின் வரிசையில் சேர்ந்தது. வலை பெரிதாகப் பெரிதாக, சரியான விடைக்கு ஆகும் நேரம் கட்டுக்கடங்காமல் போகும்.

இருவரும் எடுத்த வழியைப் புரிந்துகொள்ள ஒரு கும்மியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முக்கோணமும் மூன்று கைகள் உள்ள ஒரு பெண். மூன்று பக்கத்து முக்கோணங்களோடும் கை கோத்திருக்கிறாள். இப்போது ஒவ்வொருவரும் ஒரே ஒரு தோழியின் கையை மட்டும் விட வேண்டும். அவளும் இவள் கையைத்தான் விட்டிருக்க வேண்டும். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இப்படி ஜோடி அமையுமா? மூடிய முக்கோண வலைகளில் அமையும் என்பதற்கு, டென்மார்க் கணிதவியலாளர் ஜூலியஸ் பீட்டர்சன் 1891-ல் நிரூபித்த தேற்றம் உத்தரவாதம் தருகிறது.

ஒரு கை விட்டால் மிச்சம் இரண்டு கை. இரண்டு கை மட்டும் கோத்தவர்கள் எப்போதும் வட்டமாகத்தான் நிற்க முடியும். ஆக, முழுச் சிலையும் பல கும்மி வட்டங்களாகப் பிரிந்துவிட்டது. இனி வட்டங்களை ஒன்றாக்க வேண்டும். கைவிட்ட ஜோடி ஒன்று இரண்டு வேறு வட்டங்களில் இருந்தால், அவர்களுக்கு நடுவே இருக்கும் பக்கத்தின் மையத்தில் ஒரு புதுப் புள்ளி வைத்து, இரண்டு முக்கோணங்களையும் பாதி பாதியாக வெட்டுகிறார்கள். இரண்டு நான்காகிவிடும். கைகளை மாற்றிக் கோத்தால் இரண்டு வட்டம் ஒரே வட்டமாகிவிடும். இப்படியே இணைத்துக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது, சிலை முழுவதையும் சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே முடியும் ஒற்றை இழை.

புதுப் புள்ளி பழைய கோட்டின் மேலேயே இருப்பதால், சிலையின் வடிவம் இம்மியும் மாறாது. முக்கோணங்கள் மட்டும் கொஞ்சம் கூடும். மோசமான நிலையில் 50 சதவிகிதம் வரை கூடலாம் என்று நிரூபித்தார்கள். ஆனால், அவர்கள் சோதித்த எல்லா உருவங்களிலும் கூடியது 2 சதவிகிதத்துக்கும் குறைவு.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போடுவது புதிதும் அல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை எழுதும் இலக்கண விதிகளைப் பற்றி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

எதைத் தொலைக்கலாம்?

இதுவரை சொன்னதெல்லாம் இணைப்புகளைச் சுருக்குவது. அதில் இழப்பு கிடையாது. புள்ளிகளின் இடத்தைச் சுருக்குவதில்தான் வில்லங்கம்.

அங்கே இரண்டு வேலை நடக்கிறது. முதலாவது, ஊகிப்பது. இஸ்ரேலின் டெக்னியான் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கோஸ்டா டௌமா, கிரெய்க் காட்ஸ்மன் இருவரும் 1998-ல் சொன்ன வழி இது: தெரிந்த முக்கோணத்தின் மறுபக்கத்தில் வரும் புதுப்புள்ளி, இணைகரத்தின் நாலாவது முனையில் இருக்கும் என்று எடுத்துக்கொள். ஊகம் எவ்வளவு தப்பியதோ, அந்தச் சின்ன வித்தியாசத்தை மட்டும் எழுது. கன்னம், தோள் போன்ற வழவழப்பான இடங்களில் ஊகம் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும். எழுத வேண்டியது மிகக் குறைவு.

இரண்டாவது, அளவை முழுமையாக்குவது. ஜவுளிக் கடையில் மீட்டரை மில்லிமீட்டர் வரை பார்ப்பதில்லை. அது போல, புள்ளியின் இடத்தை எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்க வேண்டும் என்று முடிவு செய்து, மிச்சத்தை உதறிவிடுவது. 2 மீட்டர் உயரத் தூண் சிற்பம் ஒன்றுக்கு, ஒவ்வொரு திசைக்கும் 14 பிட் கொடுத்தால் புள்ளிகள் 0.12 மி.மீ. இடைவெளியில் நிற்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 10 பிட் கொடுத்தால் இடைவெளி 2 மி.மீ. ஆகிவிடும். செல்போன் திரையில் அப்போதும் சிற்பம் ஜம்மென்றுதான் இருக்கும். ஆனால், சிற்பியின் உளி பட்ட மெல்லிய வரி, ஆரத்தின் மணிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் எல்லாம் போய்விடும். போனது போனதுதான், ஃபைலை விரித்தால் திரும்ப வராது.

14 பிட் கணக்கில் நம் சிலையின் 10 லட்சம் புள்ளிகளுக்கு ஊகம் சேர்க்காமலே 5.25 எம்.பி. போதும். இணைப்பின் அரை எம்.பி.யையும் சேர்த்தால், 36 எம்.பி. இருந்தது 6 எம்.பி.க்குள் அடங்குகிறது. ஊகமும் சேர்ந்தால் இன்னும் குறையும். இந்த யோசனைகளையெல்லாம் சேர்த்து கூகுள் 2017-ல் ‘டிராகோ’ என்ற மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டது.

தீயும் ஆவணமும்

2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவை மதுரை மறக்காது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகளில் பற்றிய தீ மண்டபத்தையே சேதப்படுத்தியது. நாயக்கர் காலத்துக் கல் வேலைப்பாடுகள் சில மணி நேரத்தில் சிதைந்தன.

அடுத்த வருடம் ஏப்ரல் 15-ம் தேதி பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் அதை முன்பே லேசரால் ஸ்கேன் செய்து, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். தீக்குப் பிறகு அந்தப் பதிவின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து எடுத்து வைத்த கோயில் புகைப்படங்கள்தான், பின்னாளில் திருடுபோன பல சிலைகளை ‘இது எங்கள் ஊர்ச் சிலை’ என்று அடையாளம் காட்ட உதவின. ஒரே பக்கத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கே இவ்வளவு பலம் என்றால், முதுகும் பீடமும் தெரியும் முப்பரிமாணப் பதிவுக்கு எவ்வளவு இருக்கும்!

ஆனால் பதிவு பெரிதாக ஆக, அதைப் பார்க்கிறவர்கள் குறைவார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் குழு 1999-ல் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை ஸ்கேன் செய்தபோது கிடைத்தது சுமார் 200 கோடி பலகோணங்கள், 32 ஜி.பி. அன்றைக்கு அதைத் திறந்து பார்க்கும் கம்ப்யூட்டர் எத்தனை பேரிடம் இருந்திருக்கும்? அலமாரியில் பூட்டிய ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் சிலையை யாரும் அடையாளம் காட்ட முடியாது. சுருக்கினால்தான் ஊர்க்காரர் ஒருவர் தன் போனிலேயே அதைத் திருப்பிப் பார்த்து, ‘இடது கை விரல் இப்படி இருக்காதே’ என்று சொல்ல முடியும்.

அதற்காக, சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. உடைந்த தூணை மறுபடி செதுக்க வேண்டிய நாளில், உதறிய அந்த 2 மி.மீ.தான் தேவைப்படும். ஊரார் பார்க்கச் சுருக்கிய பிரதி, பாதுகாக்க முழு மூலம் என்று இரண்டும் வேண்டும். வீட்டுக்கும் இதே நியாயம்தான். பல் ஸ்கேனோ, போனில் ஸ்கேன் செய்த தாத்தா காலத்து மரப்பாச்சியோ, அனுப்புவது சுருக்கியதாக இருக்கட்டும்; மூல ஃபைல் உங்களிடமே இருக்கட்டும். அதுவும் ஒன்றுக்கு இரண்டு இடத்தில்.

ஏன் இரண்டு இடம் என்பதற்கு, அந்த மார்கழிக் கோலமே பதில் சொல்லும். மறுநாள் மகள் மறுபடி கூப்பிட்டாள்.

‘‘அம்மா, நீ சொன்ன மாதிரியேதான் போட்டேன். கடைசியில கோடு சேரவே இல்லை. நாலு புள்ளி வெளியே நிக்குது.’’

‘‘எங்கேயோ ஒரு எடத்துல திரும்பாம நேராப் போயிருக்க. அங்க தப்பினா, அதுக்கப்புறம் எல்லாமே தப்புத்தான். அழிச்சிட்டு முதல்ல இருந்து போடுத்தா.’’

சுருக்கிய ஃபைலின் பலவீனமும் இதுதான். 100 எம்.பி. எஸ்.டி.எல். ஃபைலில் ஒரு முக்கோணம் கெட்டுப்போனால், சிலையில் ஒரு சின்ன ஓட்டை விழும். அதோடு சரி. ஐந்து எழுத்து வரிசையில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டால், அதற்குப் பின்னால் வரும் முழு வலையும் குலைந்துபோகும். மகளுக்கு மறுபடி சொல்ல அம்மா இருக்கிறார். எரிந்துபோன மண்டபத்துக்கு அப்படி யாரும் இல்லை.